மாவட்ட அரசு வழக்கறிஞர் தேர்தல்: கட்சிப் பெயரோடா, இல்லாமலா?

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வேட்பாளரின் கட்சி வாக்குச்சீட்டிலேயே இருக்கும். யார் எந்தப் பக்கம் என்பது பார்த்ததும் தெரியும். சிக்கல், கட்சிகள் தம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மே மாத முதற்கட்டத் தேர்தலில். அதில் கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டுமே வாக்கு. ஜனநாயகக் கட்சி வலுவான ஊர் என்பதால் போட்டி அங்கேயே முடிந்துவிடும். நவம்பர் இறுதித் தேர்தல் பெரும்பாலும் சடங்குதான்.

லாஸ் ஏஞ்சலஸில் சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது, வேட்பாளரின் பெயரும் தொழிலும் மட்டும். முதல் சுற்றில் எல்லோரும் வாக்களிக்கலாம். பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால், முதல் இருவர் நவம்பரில் மோதுவர். 2022-இல் குடியரசுக் கட்சி சார்பில் மாநில அட்டர்னி ஜெனரல் (தலைமைச் சட்ட அதிகாரி) பதவிக்கு நின்று தோற்ற நேதன் ஹாக்மன், 2024-இல் சுயேச்சையாக இங்கே வென்றார். கட்சிப் பெயர் அச்சிட்டிருந்தால் சந்தேகம்தான். ஆனால் கட்சி ஆதரவும் நன்கொடையும் மறைவதில்லை, சீட்டில் தெரியாது, அவ்வளவே. விவரம் தேடாத வாக்காளருக்கு மிஞ்சுவது தெரிந்த பெயரும் சீட்டில் உள்ள தொழில் குறிப்பும்.