பிளீக் ஹவுஸ் தொடர்: பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு முறை பார்த்த பின்

சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ நாவலை 2005ஆம் ஆண்டு பிபிசி தொடராக எடுத்தது. அதன் டிவிடி தொகுப்பை வாங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நான்கு முறை முழுவதுமாகப் பார்த்துவிட்டேன்.

முதல் முறை செய்த தவறு, இரண்டே நாளில் பார்த்து முடித்தது. காட்சி மாறும்போதெல்லாம் கேமரா வெடுக்கென்று தாவ, கூடவே இடி போன்ற ஓசையும் சேர்ந்து தலைவலியைத்தான் கொடுத்தது. முதல் பகுதி ஒரு மணி நேரம், மீதிப் பதினான்கும் அரை மணி நேரம் என்ற அமைப்பு ஏன் என்பது பிறகே விளங்கியது. டிக்கன்ஸ் இந்த நாவலை 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை மாதத் தவணைகளாக வெளியிட்டார். திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் அந்தத் தவணைச் சுவையைத்தான் மீட்க முயன்றிருக்கிறார். பிபிசி ஒளிபரப்பியதைப் போலவே வாரத்துக்கு இரண்டு பகுதி என்று இரண்டாம் முறை பார்த்தபோது, ஒவ்வொரு பகுதியும் அறுந்து நிற்கும் இடம் அடுத்த நாள் வரை மனத்தைக் குடைந்தது. அந்த இடியோசையை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுபடி மறுபடி பார்க்கத் தூண்டுவது உடையலங்காரம் அன்று, நடிப்பே. வழக்கறிஞர் டல்கிங்ஹார்ன் ஏதோ ஒரு வழக்குத் தாளைக் காட்ட, சலிப்போடு இருக்கும் செல்வச் சீமாட்டி லேடி டெட்லாக் அதிலுள்ள கையெழுத்தைக் கண்டதும், இதை நகலெடுத்தவர் யார் என்று கேட்கிறாள். முதல் முறை, லேடி டெட்லாக்காக நடித்த கில்லியன் ஆண்டர்சனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறைதான், அந்த ஒரு கேள்வியை மனத்தில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளும் டல்கிங்ஹார்னாக நடித்த சார்லஸ் டான்ஸைக் கவனித்தேன். கதை முழுவதும் அந்த முடிச்சிலிருந்தே அவிழ்கிறது. மாறாக, தன்னைக் குலுக்கி நிமிர்த்தச் சொல்லிப் பேத்தியிடம் கத்தும் வட்டிக்காரக் கிழவர் ஸ்மால்வீட் முதலில் சிரிக்க வைத்தார். நான்காம் முறை ஒலியைக் குறைத்துவிட்டேன்.

டயானா ரிக் நடித்த 1985ஆம் ஆண்டின் எட்டுப் பகுதித் தொடரையும் பார்த்திருக்கிறேன். அது நிதானமானது, இருண்டது. மழை நாளுக்கு ஏற்றது.

சில நடைமுறைச் செய்திகள்: தெருக் கூட்டும் சிறுவன் ஜோவின் பேச்சு சப்டைட்டில் இல்லாமல் எனக்குப் பிடிபடவில்லை. என் தொகுப்பில் ஒரு வட்டு தொடக்கத்திலிருந்தே இடையில் உறைந்து நிற்கும். கடைக்காரர் மாற்றித் தர மறுத்ததால், துடைத்துத் துடைத்தே ஓட்டுகிறேன்.

நாவலில் கதை சொல்லும் குரல்கள் இரண்டு: நடந்ததை நினைவுகூரும் கதாநாயகி எஸ்தரின் குரல் ஒன்று, நிகழ்காலத்திலேயே பேசும் பெயரற்ற குரல் மற்றொன்று. சொத்து வழக்குகளை விசாரிக்கும் சேன்சரி நீதிமன்றத்தின் மூடுபனியை விவரிப்பதும் சொத்தையே செலவாகத் தின்று தீர்க்கும் வழக்கை எள்ளி நகையாடுவதும் அந்த இரண்டாவது குரலே. தொடரில் அதற்கு இடமில்லை. ஜோ இறக்கும் அத்தியாயத்தின் முடிவில் அந்தக் குரல் சட்டென்று திரும்பி, அரசியையும் பிரபுக்களையும் பாதிரிமார்களையும் விளித்து, சிறுவன் இறந்துவிட்டான் என்று அறிவிக்கும். தொடரில் சிறுவன் இறக்கிறான், காட்சி மாறிவிடுகிறது. அந்த இடம் வந்ததும் படத்தை நிறுத்திவிட்டு, அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்த பிறகே மேலே ஓட விடுகிறேன்.