வெள்ளாடா, செம்மறியா?

வெள்ளாடு தழை விரும்பி. முன்னங்காலைத் தூக்கி வைத்து எட்டிய கிளையைக் கடிக்கும். செம்மறி தலை குனிந்து தரைப்புல்லை மேயும். தூரத்தில் அடையாளம் காண வால் போதும்: வெள்ளாட்டுக்கு நிமிர்ந்திருக்கும், செம்மறிக்குத் தொங்கும். சினைக்காலம் இரண்டுக்கும் சுமார் 5 மாதம். வெள்ளாடு இரட்டைக்குட்டி போடுவது சகஜம். செம்மறி பெரும்பாலும் ஒன்றுதான்.

வீட்டோரம் நாலைந்து வளர்க்க, கன்னி ஆடு, கொடி ஆடு போன்ற வெள்ளாட்டு இனமே என் தேர்வு. பக்கத்து வீட்டு முருங்கைக்கு நான் பொறுப்பில்லை! தரிசும் மேய்க்க ஆளும் இருந்தால் மேச்சேரி, வேம்பூர் போன்ற செம்மறி இனம் சரி. கூட்டமாகவே நகரும், ஓட்டுவது எளிது. அறுவடை முடிந்த வயலில் இரவு கிடை போட்டால், அதாவது மந்தையை அங்கேயே அடைத்து வைத்தால், புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே உரமாகும். அதற்கு நிலத்துக்காரர் காசோ நெல்லோ கொடுப்பார்.