18,500 ரூபா: பழைய லப்டொப்புக்கு 'ஒரிஜினல்' விண்டோஸ் 11 போடப் போகிறவர்கள் வாசித்துவிட்டுப் போங்கள்

திருகோணமலைக்குள் இருப்பவர்கள், வீட்டில் பழைய லப்டொப் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். எனக்கு 18,500 ரூபா போய்விட்டது. போன விதம் நேற்று இரவுதான் முழுதாக விளங்கியது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரைப் போட மாட்டேன். கையில் பில் இல்லாமல் பெயர் போட்டால் அவர்கள் நம்மீது திரும்புவார்கள் என்று மருமகன் சொல்கிறான். சரி. டவுனுக்குள் இருக்கிற ஒரு கொம்பியூட்டர் திருத்தும் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முன்னுக்கு போன் கவர் தொங்கும், உள்ளுக்கு ஏசி, கண்ணாடியில் பெரிய விண்டோஸ் ஸ்டிக்கர். அந்த மாதிரிக் கடைகள் பல இருக்கின்றன, நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கோபிக்க வேண்டாம்.

நான் வீட்டில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறேன். என் லப்டொப் 2016இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ரொசெசர், நாலு ஜிபி ராம், பழைய ஹாட் டிஸ்க். ஓன் செய்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனால், நான் திரும்பி வரும்போதுதான் அதுவும் வந்திருக்கும். ஆனால் என் வேலைக்கு அது போதும். பாமினி எழுத்துருவில் வினாத்தாள் அடிப்பேன், எக்செலில் புள்ளி போடுவேன், அவ்வளவுதான்.

ஒக்டோபர் தொடங்கியதிலிருந்து திரை முழுக்க ஓர் அறிவித்தல் வந்துகொண்டிருந்தது. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிகிறது என்று. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம். 15ஆம் திகதி காலை பெட்டியே திறக்காதோ, உயர்தரப் பரீட்சை நேரத்தில் பிள்ளைகளின் தாள்களோடு மாட்டிக்கொள்வேனோ என்று. உண்மையில் 15ஆம் திகதி காலை அது வழமைபோல ஊர்ந்து ஊர்ந்து திறந்தது. அதைக் கண்ட பிறகாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. தீபாவளிக்கு முந்தின கிழமை பையில் போட்டுக்கொண்டு ஓட்டோ பிடித்தேன்.

கடைக்குள் போனதும் மேசையில் இருந்த பெடியன் எழும்பி நின்றான். "டீச்சர்! என்னைத் தெரியல்லையா? என்ட தங்கச்சி உங்களிட்டத்தான் படிச்சவ, 2019 பேட்ச்." தங்கச்சியின் பெயரைச் சொன்னான். எனக்கு முகம் ஞாபகம் வந்தது, முன் வாங்கில் இருக்கிற, ஐந்தொகை ஒருநாளும் சமப்படாத பிள்ளை. அவள் இப்போது வங்கியில் வேலையாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதிரை இழுத்துப் போட்டான், பக்கத்துக் கடையிலிருந்து பால் தேத்தண்ணி எடுப்பித்தான். நான் ஏமாந்த இடம் அந்தத் தேத்தண்ணிதான். அதற்குப் பிறகு அவன் சொன்ன எதையும் நான் கேள்வி கேட்கவில்லை.

லப்டொப்பைத் திறந்து ஏதோ பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். "டீச்சர், இதோட இனி பேங்க் வேலை ஒண்டும் செய்யாதீங்க. 14ஆம் திகதியோட கதவு லொக்க திறந்து விட்ட மாதிரித்தான். வைரஸ் நேரா உள்ளுக்கு வரும்." பிறகு ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் காட்டினான்: ஒரிஜினல் விண்டோஸ் 11 லைசன்ஸ் 12,000. டிபிஎம் போடுவதற்கு 3,500. சேவைக் கட்டணம் 3,000. மொத்தம் 18,500.

டிபிஎம் என்றால் என்ன தம்பி என்று கேட்டேன். "அது ஒரு பாதுகாப்பு சிப் டீச்சர், அது இல்லாட்டி 11 ஏறாது, நாங்க போட்டுத் தாறம்."

உள்ளே இருக்கிற கோப்புகள் அழியாதா என்று மூன்று முறை கேட்டேன். "மேலால ஏத்துறது டீச்சர். உள்ளுக்கு இருக்கிறது அப்படியே இருக்கும்." இந்த வசனத்தை ஒரு எழுத்து பிசகாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதை அவன் பிறகு சொல்லவே இல்லை என்று சாதித்தான்.

18,500 ரூபாவையும் எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்கவில்லை. "பில் புத்தகம் முடிஞ்சு டீச்சர், நீங்கதானே" என்றான், நானும் சிரித்துக்கொண்டு எழும்பினேன். முதல் வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொல்வது என்ன? மூல ஆவணம் இல்லாமல் ஒரு கொடுக்கல் வாங்கலும் புத்தகத்தில் ஏறாது. இருபத்திரண்டு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லித்தான் உழைக்கிறேன். கையில் அந்தத் துண்டுக் கடதாசிகூட இல்லை, அவனே கசக்கிக் கூடைக்குள் போட்டான்.

தீபாவளி கழித்து எடுத்து வந்தேன். திறந்தால் திரை பளபளவென்று புதுசாக இருக்கிறது. டெஸ்க்டொப் வெறுமை. 'தாள்கள் 2023', 'தாள்கள் 2024', 'தாள்கள் 2025' என்று மூன்று ஃபோல்டர் அதில்தான் இருந்தன. ஒன்றும் இல்லை. டி டிரைவில் கிடந்த பழையவற்றைத் திறந்தேன், ஒரு வரி தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சதுர அடைப்புக்குறியுமாக ஒரு பக்கம் முழுக்கக் குப்பை. நெஞ்சு அடைத்துவிட்டது. அது பாமினி எழுத்துரு இல்லாததால் என்று பிறகு தெரிந்தது, எழுத்துருவைப் போட்டதும் அவை சரியாகின. டெஸ்க்டொப்பில் இருந்தவை திரும்பவில்லை. பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கெஞ்சி ஒன்பது தாள் சேர்த்திருக்கிறேன்.

போன் எடுத்தேன். "அப்படி நடக்க வாய்ப்பில்லை டீச்சர், நீங்க வேற இடத்தில சேவ் பண்ணியிருப்பீங்க." மூன்று வருடமாக நான் எங்கே சேவ் பண்ணினேன் என்று எனக்குத் தெரியாதாம்.

அடுத்த கிழமை திரையின் வலது மூலையில், கீழே, சாம்பல் நிறத்தில் இரண்டு வரி வந்து குந்திக்கொண்டது. விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள் என்று. வினாத்தாளுக்கு மேலேயும் தெரிகிறது, எக்செலுக்கு மேலேயும் தெரிகிறது. 12,000 ரூபா லைசன்ஸ் எங்கே?

நல்ல மழை நாள் ஒன்றில் திரும்பப் போனேன். கடை திறக்கவில்லை. பத்து மணி வரை வாசல் தகரத்துக்குக் கீழே நின்றேன். எனக்குப் பக்கத்தில் ஒரு மான், டவுனுக்குள்ளேயே திரிகிற நம் ஊர் மான்தான், கடைக்காரர் வெளியில் எறிந்த அட்டைப் பெட்டியைச் சப்பிக்கொண்டு ஆறுதலாக நின்றது. அந்த மானுக்குக் கிடைத்த அளவுக்காவது எனக்கு அந்தக் கடையால் ஏதும் கிடைத்ததா தெரியாது. பத்தே காலுக்கு வந்தான். இந்த முறை கதிரையும் இல்லை, தேத்தண்ணியும் இல்லை. "அது அப்டேட் ஏறினதால டீச்சர், அஞ்சு நிமிசம்" என்று ஒரு பென் டிரைவைச் செருகினான், திரையில் கறுப்புப் பெட்டி ஒன்று வந்து போனது, மூலையில் இருந்த எழுத்து மறைந்தது. நான் நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று மருமகன், என் தம்பியின் மகன், மொறட்டுவையிலிருந்து லீவில் வந்தான். லப்டொப் ஏன் இப்படி இழுபடுகிறது என்று பார்க்கக் கொடுத்தேன். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தவன் சிரிக்கத் தொடங்கினான். "மாமி, உங்கட நிறுவனத்தின்ட ஆக்டிவேஷன் சேவை மூலமா இது ஆக்டிவேட் ஆகியிருக்காம். உங்களுக்கு எந்த நிறுவனம்?" எனக்கு ஏது நிறுவனம்? முற்றத்துத் தகரக் கொட்டிலும் ஆறு வாங்கும் ஒரு வெள்ளைப் பலகையும்தான். பெரிய கம்பனிகள் நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு ஒன்றாகப் போடுகிற முறையைத் திருட்டு மென்பொருள் ஒன்று நடிக்கிறதாம், 180 நாளுக்குள் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். அது பிடிபடாமல் இருக்க, விண்டோஸோடு வருகிற வைரஸ் காவலான டிஃபெண்டரில் ஒரு ஃபோல்டரை 'இதைப் பார்க்காதே' என்று விலக்கியும் வைத்திருக்கிறான். வைரஸ் வரும் என்று பயப்படுத்தித்தானே காசு வாங்கினான்? காவல்காரனின் கண்ணைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

பிறகு மருமகன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல என் தலை சூடாகியது. தகுதியுள்ள, முறையான விண்டோஸ் 10 கணினிக்கு விண்டோஸ் 11 இலவசம். காசே இல்லை. என் லப்டொப்புக்கு அந்தத் தகுதி இல்லை, ஏனென்றால் இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி, என்னுடையது ஆறு. அதை 18,500 வாங்கி மாற்ற முடியாது. டிபிஎம் என்று 3,500 வாங்கினானே, சிப் எதுவும் போடவில்லை. பழைய லப்டொப்புகள் பலவற்றில் அது பயோஸில், அதாவது விண்டோஸ் திறக்க முன் வருகிற அடிப்படை செட்டிங்ஸில், ஓன் செய்கிற ஒரு விஷயம், செலவு இல்லை. இவன் அதைக்கூடச் செய்யவில்லை, நிபந்தனைகளைப் பார்க்காமல் தாண்டிப் போகிற மாதிரி பென் டிரைவ் தயாரித்து, விண்டோஸ் இருந்த சி டிரைவை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறான். அப்படித் தகுதியில்லாத கணினியில் போட்டால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. ஆக, எதற்குப் பயந்து போனேனோ அந்த இடத்துக்கே காசு கொடுத்து வந்து சேர்ந்திருக்கிறேன்.

இதில் என்னை ஆகவும் எரிக்கிற விஷயம், நான் ஒன்றுமே செய்யாமல் இருந்திருக்கலாம் என்பதுதான். ஆதரவு முடிகிறது என்றால் கணினி நின்றுவிடும் என்று அர்த்தமில்லை, புதிய பாதுகாப்பு அப்டேட் வராது என்றுதான் அர்த்தம். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருடத்துக்குப் பாதுகாப்பு அப்டேட்டை நீட்டிக்கலாம். விண்டோஸ் 10இன் 22எச்2 என்ற கடைசிப் பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும், செட்டிங்ஸைக் கிளவுட்டில் பேக்கப் செய்தால் இலவசம். காசு கொடுத்தாலும் 30 டொலர்தான். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்குரிய இணைப்பு இருந்திருக்கும். திரை முழுக்க வந்த அந்த அறிவித்தலை நான் முழுதாக வாசித்ததே இல்லை, பயத்தில் மூடிவிடுவேன்.

இன்று காலை மருமகனையும் கூட்டிக்கொண்டு போனேன். பெடியன் இல்லை. மேசையில் வேறொருவர், முதலாளி கந்தளாய்க்குப் போய்விட்டார் என்றார். போன் எடுத்தால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. வட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. பின்னேரம் முதலாளியே எடுத்தார். "மெடம், மெஷின் பழசு, அதுக்கு நாங்க என்ன செய்யிற? பில் இருக்கா?" இல்லை என்றேன். "அப்ப எங்கட கடையில செஞ்ச வேலை எண்டு எப்படிச் சொல்றீங்க?" பழைய மெஷின் என்று ஒக்டோபரில் தெரியவில்லையா? 18,500 வாங்கும்போது தெரியவில்லையா? வைத்துவிட்டார்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். பில் இல்லாமல் எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்போம். பெடியனோடு பேசிய வட்ஸ்அப் இருக்கிறது, 'காசு கிடைச்சது டீச்சர்' என்று ஒரு வரி அதில் உண்டு. அதை அழிக்காமல் வைத்திருந்தது ஒன்றுதான் நான் செய்த நல்ல வேலை.

எப்படித் தீர்மானிப்பது, எதை வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது தலை வேலை செய்யவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: மைக்ரோசொஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவசச் செயலியைப் போட்டு உங்கள் கணினி ஏற்குமா என்று வீட்டிலேயே பாருங்கள். ஏற்கும் என்றால் விண்டோஸ் அப்டேட்டிலிருந்தே ஏற்றுங்கள், யாருக்கும் லைசன்ஸ் காசு கொடுக்காதீர்கள். ஏற்காது என்றால் அந்த ஒரு வருட நீட்டிப்பைப் பதிந்துவிட்டு ஆறுதலாக யோசியுங்கள். எதைச் செய்தாலும் முதலில் எல்லாவற்றையும் பென் டிரைவில் பிரதி எடுங்கள், டெஸ்க்டொப்பையும் சேர்த்து. பாமினி பாவிக்கிறவர்கள் எழுத்துருவையும். அப்புறம், பில். தங்கச்சியைப் படிப்பித்திருந்தாலும் பில்.

இந்தக் காசுக்குக் கொஞ்சம் சேர்த்து, ஹாட் டிஸ்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டியும், கூடுதல் ராமும் போட்டிருந்தால் பழைய விண்டோஸ் 10ஏ ஓடியிருக்கும் என்று மருமகன் மூன்றாம் தரமாகச் சொல்கிறான். அவனைப் பேசாமல் இருக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது எல்லாவற்றையும் துடைத்துவிட்டு என் லப்டொப்பில் ஒட்டியிருக்கிற பழைய விண்டோஸ் 10ஐயே திருப்பிப் போடுகிறான், முறையான லைசன்ஸ் அதற்கு ஏற்கனவே இருந்ததாம். 62 வீதத்தில் நிற்கிறது. முடிந்ததும் கூட்டு வணிகம் தாளைத் திரும்ப அடிக்க வேண்டும், நாளைக் காலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள்.