ஓரத்தில் தேங்கிய தண்ணீர்: காய்கறி கேசரோலோடு நான்கு வருடம்

நான்கு வருடமாக, மாதத்துக்கு இரண்டு முறையாவது எங்கள் வீட்டு ஓவனில் காய்கறி கேசரோல் வேகிறது. பால், மைதா, வெண்ணெய், சீஸ் சேர்த்த சாஸில் காயைக் கலந்து, மேலே பிரெட் தூள் தூவி ஓவனில் வேகவைப்பதுதான் அது. கிட்டத்தட்ட நூறு தடவை செய்திருப்பேன். இவ்வளவு நாள் செய்த பிறகும் அலுக்காத சமையல் எனக்கு இது ஒன்றுதான். ஆனால் கைக்கு வர ஒரு வருடம் பிடித்தது. அந்த ஒரு வருடத்தில் பிடிபட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தடவை செய்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேலே பொன்னிறம், ஓரமெல்லாம் குமிழி, வீடு முழுக்க வெண்ணெய் வாசனை. ஒரு மூலையில் கரண்டியை விட்டு எடுத்தேன். அந்தப் பள்ளத்தில், மணலில் தோண்டிய ஊற்று மாதிரி, மெல்ல மெல்லத் தண்ணீர் ஊறி வந்தது. சாஸ் மோராக நீர்த்துப் போயிருந்தது. கால் மணி நேரத்தில் மேலே இருந்த பிரெட் தூளும் நமத்துவிட்டது. சாஸில்தான் தப்பு என்று நினைத்து அடுத்த தடவை மைதாவைக் கூட்டினேன். அப்போது சாஸ் பசையாக இருந்தது, தண்ணீரும் அப்படியே தேங்கியது.

தண்ணீர் வந்தது காயிலிருந்து. காலிஃப்ளவரில் நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர்தான். காளானும் அப்படியே. வெள்ளரி மாதிரி இருக்கும் சுக்கினியில் 95 பங்கு. கெட்டியாகத் தெரியும் கேரட்டில்கூட 88 பங்கு இருக்கிறது. பச்சைக் காயை சாஸுக்குள் போட்டு வேகவிட்டால் அது தன் தண்ணீரை எல்லாம் சாஸுக்குள்தான் விடும். மேலே மூடிபோல சீஸும் பிரெட் தூளும் இருப்பதால் ஆவியாகிப் போகவும் வழியில்லை. இது புரிந்த நாளிலிருந்து என் கவனம் முழுக்க காயை உலர்த்துவதில்தான் இருக்கிறது. சாஸ் அதற்கு அப்புறம்தான்.

ஆரம்பத்தில் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு வடிப்பேன். ப்ரோக்கோலிக்கும் பீன்ஸுக்கும் இன்றும் அதேதான், பச்சை நிறம் நிற்கும். ஆனால் வடிகட்டியில் விட்டுவிட்டால் போதாது. ப்ரோக்கோலியின் மொட்டுகள் பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு துணியில் தலைகீழாகப் பரப்பிப் பத்து நிமிடம் விட வேண்டும். அந்தச் சூட்டிலேயே மிச்ச ஈரம் ஆவியாகிவிடும். துணியைத் தொட்டுப் பார்த்தால் எவ்வளவு தண்ணீர் தப்பியது என்று தெரியும்.

காலிஃப்ளவர், கேரட், சுக்கினிக்கு இப்போது தட்டில் பரப்பி, கொஞ்சம் எண்ணெய் புரட்டி, 220 டிகிரியில் இருபது நிமிடம் வறுத்துவிடுகிறேன். ஒரு தடவை தராசில் வைத்துப் பார்த்தேன். 800 கிராம் காலிஃப்ளவர் வறுத்து முடித்ததும் 560 கிராம்தான் இருந்தது. முன்பெல்லாம் அந்தக் கால் லிட்டர் தண்ணீர்தான் என் சாஸுக்குள் போயிருக்கிறது! ஓரங்கள் லேசாகச் சிவந்து வரும்போது காயின் இனிப்பும் தூக்கலாகத் தெரியும். வேலை கூடுதல்தான், ஆனால் ருசியில் இந்த ஒரு மாற்றம் தந்தது பெரிது. காளானை மட்டும் வாணலியில் வதக்குவேன். முதலில் தண்ணீர் விடும், அது சுண்டி மறுபடி சடசடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்கும் வரை அடுப்பை அணைக்கக் கூடாது.

சாஸுக்கு என் அளவு 40 கிராம் வெண்ணெய், 40 கிராம் மைதா, அரை லிட்டர் பால். வறுத்த பிறகு 700 கிராம் வரும் காய்க்கு இது சரியாக இருக்கும். வெண்ணெய் உருகியதும் மைதாவைப் போட்டு, நிறம் மாறாமல், பச்சை வாசனை போக இரண்டு நிமிடம் கிளற வேண்டும். பாலை முதலில் ஒரு கரண்டி மட்டும் விட்டு நன்றாகக் குழைத்து, பிறகு இன்னொரு கரண்டி, அப்புறம் மிச்சத்தை ஊற்றினால் கட்டி தட்டாது. கெட்டியாகவில்லையே என்று பாதியில் மைதா சேர்க்காதீர்கள். கொதி வரும்போதுதான் மாவு முழுதாகக் கெட்டிப்படும், அதற்கு முன் அளவு தெரியாது. கரண்டியின் பின்பக்கத்தில் சாஸ் ஒட்ட, விரலால் ஒரு கோடு இழுத்தால் அது மூடாமல் நிற்க வேண்டும். உப்பு, மிளகு, ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள், அவ்வளவுதான்.

மைதா வேண்டாம், வெறும் பால் போதுமே என்று என் அக்கா ஒருமுறை செய்து பார்த்தாள். போனில் கூப்பிட்டு, "எல்லாம் திரிஞ்சு போச்சுடி, தயிர் மாதிரி பொடிப் பொடியா இருக்கு" என்றாள். பாலின் புரதம் நீண்ட சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டித் திரியாமல் பார்த்துக்கொள்வது அந்த மாவுதான். கொழுப்பு நிறைந்த கெட்டி க்ரீம் என்றால் மாவு இல்லாமலும் தாங்கும், பால் தாங்காது. தக்காளியையும் எலுமிச்சைச் சாற்றையும் நான் உள்ளே சேர்ப்பதில்லை. புளிப்பு வேண்டுமென்றால் சாப்பிடும்போது மேலே பிழிந்துகொள்ளலாம்.

சீஸை அடுப்பை அணைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும். கொதிக்கும் சாஸில் போட்டால் எண்ணெய் பிரிந்து, நாக்கில் மணல் மாதிரி நெருடும். 100 கிராம் செடார், கைப்பிடி பார்மசான் என்பது என் கணக்கு. துருவி விற்கும் பாக்கெட் சீஸ் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மாவுப்பொருளோ செல்லுலோஸ் என்ற தாவர நார்த் தூளோ தூவியிருப்பார்கள். அது சாஸில் சீராக உருகுவதில்லை. கட்டியாக வாங்கி வீட்டிலேயே துருவுவதற்குக் கூடுதலாக ஆவது மூன்று நிமிடம்.

இனி மொறுமொறுப்பு. இந்தக் கேசரோலை நான் விடாமல் செய்வதே அதற்காகத்தான். கரண்டி படும்போது கேட்கும் அந்த நொறுங்கல், அதற்குக் கீழே இளகிய சாஸ், இரண்டும் ஒரே வாயில் சேர வேண்டும். ஆனால் ஒன்று ஈரத்தால் வாழ்கிறது, மற்றது ஈரம் பட்டால் சாகிறது. ஆரம்பத்திலேயே பிரெட் தூளைத் தூவி ஓவனில் வைத்தால் அரை மணி நேரம் கீழிருந்து நீராவி அதைத் தாக்கிக்கொண்டே இருக்கும். மேல்பக்கம் சிவந்தாலும் அடிப்பக்கம் மெத்தென்று ஆகிவிடும். சிவப்பதற்கே உலர்வு வேண்டும். பிரெட்டில் உள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறமும் மணமும் தரும் வினையை 1912-ல் லூயி கமீல் மேயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கினார். அது வேகம் பிடிக்க ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். ஈரமான மேற்பரப்போ தண்ணீர் இருக்கும் வரை 100 டிகிரியைத் தாண்டாது.

அதனால் பிரெட் தூளை நான் வாணலியிலேயே முக்கால்வாசி முடித்துவிடுகிறேன். இரண்டு நாள் பழைய பிரெட்டைக் கையால் பிய்த்து, மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டால் அரிசி நொய் அளவுக்குக் கரகரப்பாக வரும். மாவாக அரைத்தால் மேலே ஏடு மாதிரி படிந்துவிடும், நொறுங்காது. 60 கிராம் தூளுக்கு 25 கிராம் வெண்ணெய் உருக்கி, மிதமான தீயில் ஐந்து நிமிடம் கிளறினால் வெளிர் பொன்னிறம் வரும். ஒவ்வொரு துகள் மேலும் கொழுப்பு படிந்திருப்பதால் ஈரம் அவ்வளவு சீக்கிரம் உள்ளே போகாது. இதில் கொஞ்சம் பார்மசான், பொடியாக நறுக்கிய பூண்டு. சில நாள் ஒன்றிரண்டாகப் பொடித்த பாதாமும் சேர்ப்பேன். ஆற வைத்து எடுத்துவைத்துவிட வேண்டும். கேசரோலை முதலில் தூள் இல்லாமல் 190 டிகிரியில் பதினைந்து நிமிடம். ஓரங்களில் குமிழி வந்ததும் வெளியே எடுத்து, தூளைத் தூவி, கையால் அழுத்தாமல் இன்னும் பத்து நிமிடம். அழுத்தினால் சாஸ் மேலே ஏறிவிடும்.

ஓவன் டிகிரியைப் பற்றி ஒன்று. முதல் வருடம் முழுக்க எனக்கு நேரம் சரிவரவே இல்லை. உள்ளே தொங்கவிடும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் பார்த்தால், திருகு 190 காட்டும்போது உள்ளே 170தான். இப்போது அதற்குத் தகுந்தபடி கூட்டி வைக்கிறேன்.

பாத்திரத்திலும் ஒரு பாடம் உண்டு. இரண்டாவது வருடம், முந்தின இரவே தயார் செய்து ஃபிரிட்ஜில் வைத்த கண்ணாடிப் பாத்திரத்தை நேராகச் சூடான ஓவனுக்குள் தள்ளினேன். சில நிமிடத்தில் டப்பென்று ஒரு சத்தம், பாத்திரம் குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. கண்ணாடிச் சில்லு கலந்திருக்கலாம் என்பதால் ஒரு வாய்கூட மிச்சமில்லாமல் கொட்ட வேண்டியதாயிற்று. குளிர்ந்த கண்ணாடி திடீர்ச் சூட்டில் ஒரு பக்கம் விரியும், மறுபக்கம் விரியாது. இப்போது பீங்கான் பாத்திரம்தான், அதையும் அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகே உள்ளே வைப்பேன். அகலமாக, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குள் இருந்தால் நல்லது. ஆழம் கூடினால் ஆளுக்குக் கிடைக்கும் மொறுமொறுப்பு குறையும்.

வெளியே எடுத்ததும் பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். கொதிக்கும்போது ஓடும் சாஸ் அதற்குள் இறுகி, வெட்டினால் துண்டாக வரும். அந்த நேரத்தில் மூடி மட்டும் போடக் கூடாது. மூடியில் பூக்கும் நீர்த்துளி அத்தனையும் பிரெட் தூள் மேல்தான் விழும்.

மீந்தது மூன்று நாள் ஃபிரிட்ஜில் நன்றாக இருக்கிறது. மைக்ரோவேவில் சூடாக்கினால் மேல்பக்கம் ரப்பர் மாதிரி ஆகிவிடும், 180 டிகிரி ஓவனில் இருபது நிமிடம் வைப்பதுதான் சரி. எப்போதும் ஒரு கைப்பிடி வறுத்த தூளைத் தனி டப்பாவில் போட்டு வைக்கிறேன், மறுநாள் மேலே தூவ.

இத்தனை வருடத்தில் எனக்கு இன்னும் கைகூடாதது ஃப்ரீசர்தான். உறைந்து உருகும்போது மைதா சாஸ் தண்ணீரைக் கக்கிவிடுகிறது. வெறும் சாஸ் என்றால் சூடாக்கி அடித்துச் சேர்த்துவிடலாம், காயோடு இருப்பதை அடிக்க முடியாது. அதனால் இப்போது வறுத்த காயை ஒரு பையிலும் பிரெட் தூளை இன்னொரு பையிலும் உறைய வைத்துவிட்டு, சாஸை மட்டும் அன்றன்றைக்குக் காய்ச்சுகிறேன். அரை லிட்டர் பால், பன்னிரண்டு நிமிட வேலை.