என் மகளின் படத்தோடு ஒரு போஸ்டர்

கரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சி மையத்துக்காரர்கள் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். 'எங்கள் வழிகாட்டுதலில் சட்டப் படிப்பில் இடம் பிடித்த சாதனையாளர்கள்' என்று தலைப்பு. கீழே பத்துப் பன்னிரண்டு முகங்கள். இரண்டாவது வரிசையில் மூன்றாவது முகம் என் மகள். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் கிளாட் நுழைவுத் தேர்வின் விண்ணப்பத்துக்கு என்று எடுத்துக் கொடுத்த அதே பாஸ்போர்ட் சைஸ் படம். அவளுக்கு இடம் கிடைத்தது உண்மை. அதில் இவர்களுக்குக் கடுகளவு பங்கும் இல்லை, இன்னும் சொன்னால் கிடைக்க வேண்டிய இடம் ஒன்றைக் கெடுத்ததே இவர்கள்தான். வழக்கு நடப்பதால் மையத்தின் பெயரைப் போடவில்லை. ஆனால் நடந்ததை எழுதலாம்.

மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது இங்கே ஒரு ஓட்டல் ஹாலில் இலவசக் கருத்தரங்கு நடந்தது. திருச்சியிலிருந்து வந்திருந்தார்கள். கிளாட் பயிற்சி, விண்ணப்பம் போடுவது, கவுன்சலிங் என்று கடைசிவரை எல்லாம் தங்கள் பொறுப்பு, மொத்தம் 65,000 ரூபாய் என்றார்கள். எங்கள் வீட்டில் வக்கீல் யாரும் கிடையாது. கணவர் பட்டறை வைத்திருக்கிறார், நான் ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். விஷயம் தெரிந்தவர்களிடம் ஒப்படைப்பது நல்லது என்று நினைத்தோம்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய வீடியோக்களும் ஜெராக்ஸ் கட்டும் கொடுத்தார்கள். மாதிரித் தேர்வில் 150 கேள்விகள் இருந்தன. 2023 டிசம்பர் தேர்விலிருந்தே கேள்விகள் 120 ஆகக் குறைந்துவிட்டன, நேரம் அதே இரண்டு மணி நேரம். இதை மகள்தான் கண்டுபிடித்துக் கேட்டாள். "கூடுதலாகப் பயிற்சி செய்தால் நல்லதுதானே" என்று பதில் வந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விண்ணப்பத்தை அவர்களே போட்டார்கள். கிளாட் தளத்தில் கைப்பேசி எண்ணை வைத்துத்தான் கணக்குத் தொடங்க வேண்டும். அந்த இடத்தில் அவர்கள் அலுவலக எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். "ஓ.டி.பி.க்கு உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமே மேடம்" என்று சொன்னபோது அக்கறை என்றுதான் தோன்றியது. பூர்த்தி செய்த விண்ணப்பத்தின் பிரதியை நான் கேட்கவில்லை. பதினெட்டு வருடமாக ஒரு வவுச்சரைக்கூட ஒரிஜினல் பார்க்காமல் பதிவு செய்யாதவள், சொந்த மகளின் விண்ணப்பத்தைப் பார்க்காமல் விட்டேன். நேட்டிவிட்டி சான்றிதழை அவர்கள் கேட்கவே இல்லை என்பதும் அப்போது மண்டையில் ஏறவில்லை.

தேர்வு 2024 டிசம்பர் 1ஆம் தேதி நடந்தது. ஒரு வாரத்தில் முடிவு வந்தது. ரேங்க் நாலாயிரத்துச் சொச்சம். பெங்களூரு, ஹைதராபாத் சட்டப் பல்கலைக்கழகங்களையெல்லாம் அந்த ரேங்கில் நினைத்துப் பார்க்கவே முடியாது, அது எங்களுக்கும் தெரியும். அவள் கண் வைத்திருந்தது திருச்சி திண்டுக்கல் சாலையில், நவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் மீது. அங்கே தமிழ்நாட்டு மாணவர்களுக்கென்று ஒரு பகுதி இடங்கள் உண்டு, அதற்குள் பி.சி., எம்.பி.சி. ஒதுக்கீடும் உண்டு. நாங்கள் பி.சி. சனிக்கிழமை பஸ் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

முடிவு வந்த இரண்டாம் நாளே மையத்திலிருந்து போன். கவுன்சலிங் பதிவுக் கட்டணம் 30,000, இன்றே அனுப்புங்கள் என்றார்கள். ஒருங்கிணைப்பாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பினேன். சாயங்காலம் ஒரு ரசீதின் ஸ்கிரீன்ஷாட் வந்தது.

அப்புறம்தான் அவர்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. கிளாட் தேர்வில் இரண்டு கேள்விகளுக்கான விடை தவறு என்று டிசம்பர் 20ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேறு மாநிலங்களிலும் வழக்குகள் கிளம்பின. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் டெல்லிக்கே மாற்றியது. அங்கே ஏப்ரலில் ஒரு தீர்ப்பு, அதன் மேல் அப்பீல், கடைசியாக மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நாடு முழுக்கப் பிள்ளைகள் ஐந்து மாதம் தவித்த கதை இது. எங்கள் மையத்துக்கு மட்டும் அது குடையாகிப் போனது. லாகின் விவரம் கொடுங்கள் என்று கேட்டால், கேஸ் நடக்கிறது மேடம். விருப்பப் பட்டியலில் எந்தெந்தக் கல்லூரி போட்டீர்கள் என்றால், கேஸ் முடியட்டும் மேடம். வழக்கு நிஜமாகவே நடந்துகொண்டிருந்ததால் நாங்களும் நம்பினோம்.

மே நடுவில் திருத்திய முடிவு வெளியானது. இந்த முறை அறிவிப்பை நானே தளத்தில் எடுத்துப் படித்தேன். கவுன்சலிங் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 30,000, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 20,000 என்று இருந்தது. அப்படியானால் எங்களிடம் ஏன் 30,000 வாங்கினார்கள்? கணக்குக்காரிக்குப் பத்தாயிரம் இடித்தால் தூக்கம் வராது. மறுநாள் காலை மகளோடு திருச்சிக்குப் பஸ் ஏறினேன்.

ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். லாகினைத் திறக்காமல் நகர மாட்டேன் என்று நான் வரவேற்பறையில் சத்தம் போட்ட பிறகு திறந்தார்கள். மகள்தான் மவுஸைப் பிடித்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினாள். பிரிவு: பொது. தமிழ்நாட்டு ஒதுக்கீடு: கோரவில்லை. கவுன்சலிங்குக்கு அழைப்பே வரவில்லை, கட்டணமும் கட்டப்படவில்லை. அந்த ரசீது எங்கே தயாரானதோ, யாருக்குத் தெரியும்.

"நேஷனல் எக்ஸாமுக்கு ஸ்டேட் கம்யூனிட்டி சர்டிபிகேட் செல்லாது மேடம், அதனால்தான் ஜெனரல் போட்டோம்" என்றார் ஒருங்கிணைப்பாளர். பாதி உண்மையை வைத்துச் சொல்லும் பொய் இது. மத்திய ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்கு கிரீமி லேயர், அதாவது வசதி வரம்பு பார்த்துத் தரும் தனிச் சான்றிதழ் வேண்டும், சரி. ஆனால் மாநில ஒதுக்கீட்டு இடத்துக்கு நம் தாசில்தார் கொடுக்கும் சான்றிதழ்தான் ஆதாரம். மகள் இதைச் சொன்னதும் அவர் பேச்சை மாற்றினார். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சீட் இருக்கிறதாம், இன்று ஒரு லட்சம் கட்டினால் ஸ்காலர்ஷிப்போடு கிடைக்குமாம். பிள்ளையின் கண்ணில் தண்ணீர் நிற்கும்போது அந்த மனிதர் பிரௌஷரை நீட்டினார். கடைசியில் எங்கே கொண்டுபோய் நிறுத்துவதற்காக இத்தனையும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கிளாட் உதவி எண்ணில் பேசிப் பார்த்தோம். விண்ணப்பக் கெடு அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, இனி பிரிவை மாற்ற முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மகளே லேப்டாப்பை எடுத்து, சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளிக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தாள். அங்கே நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அவள் 568 எடுத்திருந்தாள். இப்படி ஒரு வழி இருப்பதை மையத்தில் இருந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களுக்கு என்ன கமிஷன் கிடைத்திருக்கும்? இந்த முறை பிரிண்ட் எடுத்து, பென்சிலை வைத்துக்கொண்டு சான்றிதழோடு வரி வரியாக நான் சரி பார்த்தேன். இரண்டு இடத்தில் திருத்தம் இருந்தது. பி.காம். எல்.எல்.பி. ஹானர்ஸ் கிடைத்தது.

பணத்துக்காக நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். அதற்கப்புறம் 30,000 மட்டும் திரும்பி வந்தது. மீதியில் பாதி தருகிறோம், எங்களுக்குக் குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். "உடு, தொலையட்டும்" என்றார் கணவர். நான் விடவில்லை. ஐந்து லட்சம் வரையிலான புகாருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. ஆன்லைனிலேயே போட்டோம். மனுவை எழுதியது முதல் வருட மாணவியான என் மகள். விடுதியிலிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு போன் பண்ணி, அந்த ஜிபே தேதி என்ன, இந்த மெசேஜ் எத்தனை மணிக்கு வந்தது என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்வாள்.

போன வாரம் அந்த போஸ்டரைப் பார்த்ததும் கை பரபரத்தது. ஒரு மூலையைப் பிய்த்தும்விட்டேன். பிய்த்துக்கொண்டே அவளுக்கு போன் போட்டேன்.

"அம்மா, கிழிச்சிராத!" என்று அலறினாள். "மாணவரோட சம்மதம் இல்லாம படத்தைப் போடக்கூடாதுன்னு கோச்சிங் விளம்பரத்துக்கு 2024 நவம்பர்லயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கு. அது நமக்குச் சாட்சி. இன்னிக்குப் பேப்பர் ஒண்ணு வாங்கி, தேதி தெரியற மாதிரி பக்கத்துல பிடிச்சு நாலு போட்டோ எடுத்து அனுப்பு."

பிய்ந்த மூலையை எச்சில் தொட்டு ஒட்டிவிட்டு, எதிர்க் கடையில் பேப்பர் வாங்கப் போனேன்.