15 கிலோ கல்யாணக் கேக்கும் இரண்டு தெர்மாகோல் வட்டுகளும்

தம்பி கல்யாணத்துக்குக் கேக் வாங்கி ஏமாந்ததை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஏலத்தில் ஒரு கூடை நெத்திலிக்குப் பத்து ரூபாய் கூடிவிட்டால் வீடு வரும்வரை முணுமுணுக்கிற குடும்பம் எங்களுடையது. அந்தக் குடும்பம்தான் 20,650 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தது. அடுத்த மாதம் எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு கல்யாணங்கள் இருப்பதால் கூச்சத்தைத் தள்ளிவைத்து எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், தவக்காலமும் முடிந்திருக்கும். ஆகவே மே மாதத்தில் தேவாலயத்தில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்காத ஞாயிறே இருக்காது. பேக்கரிக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

ராமநாதபுரத்தில் உள்ள ஒரு பேக்கரிக்கு நானும் சித்தியும் போனோம். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். உரிமையாளர் கைப்பேசியில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். “எத்தனை பேர் அக்கா?” என்றார். 300 என்றேன். “அப்படியானால் 15 கிலோ, ஐந்து அடுக்கு. கிலோ 900 ரூபாய்” என்றார். 13,500. அதோடு வண்டிக்கு 2,500, ஸ்டாண்டு வாடகை 1,500, மொத்தத்துக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று 3,150. ஸ்டாண்டைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் முன்பணம் 3,000 தனியே. இவ்வளவையும் கடையின் பெயர் மட்டும் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதிக் கொடுத்தார். நான் கேட்ட ஒரே கேள்வி, “ரோஜா நிறத்தில் கிடைக்குமா?” என்பதுதான்.

கல்யாணத்தன்று மாலை நான்கரைக்கு வண்டி வந்தது. ராமநாதபுரத்திலிருந்து சுமார் 45 கிலோமீட்டர், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் பாலம் என்று வெயிலிலேயே வந்த சாதாரண ஆம்னி வேன். ஐஸ் பெட்டி கூட இல்லை. ஒரு பையன் இறங்கி, எல்லாவற்றிலும் பெரிய அடித்தட்டை ஒற்றைக் கையில் ஏந்திக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குள் நடந்தான். வாசலில் நின்றிருந்த என் தாய்மாமா மீன் கம்பெனியில் எடை போடுகிறவர். “அது ஐந்து கிலோ இருக்குமா?” என்று என்னிடம் கேட்டார். “இருக்கும் மாமா, அதுதான் பெரியது” என்றேன். “ஐந்து கிலோ நண்டுப் பெட்டியை இப்படித் தாம்பூலத் தட்டு மாதிரி தூக்கிப் பார்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மணப்பெண் வரும் நேரம். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேடையில் உச்சி அடுக்கை வெட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. மேல் அடுக்கு ஒரு பக்கமாகச் சரிந்திருந்ததை ரிப்பன் கட்டி மறைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பின்னால் சமையல்கட்டில் பந்திக்காகத் துண்டு போட அத்தை கத்தியை அடித்தட்டில் இறக்கினார். கிரீச்சென்று ஒரு சத்தம், பல் கூசுகிற மாதிரி. அட்டைப்பெட்டியில் வரும் டி.வி.யை உருவும்போது வருமே, அதே சத்தம். கிரீமை வழித்தால் உள்ளே வெள்ளை தெர்மாகோல். கத்தி நுனியில் குருணை குருணையாக ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கு மேலிருந்த அடுக்கும் அப்படியே. பெண் வீட்டுப் பாட்டி ஒருவர் அங்கேதான் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார். எதுவும் சொல்லாமல் டம்ளரை வைத்துவிட்டுப் போனார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

மாமா ஆளனுப்பிக் கம்பெனியின் மின்னணுத் தராசை வரவழைத்தார். மிச்சமிருந்த மூன்று அடுக்குகளையும் அடி அட்டையோடு வைத்தால் 6 கிலோ 100 கிராம். அட்டைகள் மட்டும் 700 கிராம். மேடையில் வெட்டிய இரண்டு துண்டு போக, நாங்கள் வாங்கிய கேக் 5 கிலோ 400 கிராம். கிலோ 900 என்றால் அதன் விலை 4,860 ரூபாய். அன்று இரவு பெண் வீட்டாருக்குக் கொடுத்தது போக எங்கள் பக்கத்துக்கு மச்சான் ராமேசுவரம் ஓடிப்போய் ஒரு பேக்கரியில் இருந்த கப் கேக்கையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்திருந்தது என்பது வேறு விஷயம்.

மறுநாள் தொலைபேசியில் உரிமையாளர் கொஞ்சமும் அசரவில்லை. “பெரிய கேக்கில் எல்லோரும் டம்மிதான் வைப்பார்கள் அக்கா” என்றார். அது உண்மைதான். கீழ் அடுக்கு தெர்மாகோல் என்றால் பாரம் தாங்கும், சரியாது, உயரமும் கிடைக்கும். அதன் மேல் கிரீம் பூசி அலங்கரிக்கிற கூலியைக் கேட்பதும் நியாயம். டம்மி வைத்தது தவறில்லை. டம்மியைக் கிலோ 900 ரூபாய்க்கு விற்றதுதான் திருட்டு.

இப்போது, கடைக்குப் போவதற்கு முன் நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய கணக்கு. நான்கு அங்குல உயர வட்டக் கேக்கில் 6 அங்குல அகலம் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோ. 12 அங்குலம் இரண்டு கிலோ அல்ல, நான்கு கிலோ. அகலம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிறது. 8 அங்குலம் ஒன்றே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட, 10 அங்குலம் மூன்றுக்குச் சற்றுக் குறைவு, 14 அங்குலம் ஐந்தரை. எனக்குக் காட்டிய ஐந்து அடுக்கும் நிஜமாக இருந்தால் கூட்டினால் 15 கிலோ சரியாக வந்திருக்கும். அடியிலிருந்த 14, 12 இரண்டும் டம்மி என்றவுடன் ஒன்பதரை கிலோ போய்விட்டது. உயரத்தைப் பார்த்து எடையை நம்புகிறவர்களை ஏமாற்ற அடி இரண்டு அடுக்கு போதும்.

ஆள் கணக்கும் அப்படித்தான். பிறந்தநாளுக்கு வெட்டுகிற துண்டு நூறு கிராம் இருக்கும். கிலோவுக்குப் பத்துப் பேர்கூடத் தேறாது. கல்யாணத்தில் பிரியாணிக்கு முன்போ பின்போ கொடுக்கிற விரல் நீளத் துண்டு 50 கிராம். உதிர்ந்தது, நசுங்கியது போக கிலோவுக்குப் பதினாறு, பதினேழு துண்டு வரும். 300 பேருக்கு அழைப்பு வைத்தால் 300 பேரும் கேக் எடுப்பதில்லை. சர்க்கரைக்காரர்கள் இருக்கிறார்கள், பந்தி முடிந்ததும் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 200 துண்டு போதும். அதாவது 12 கிலோ. அந்தப் 12 கிலோவும் மேடையில் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? மேடைக்கு 10, 8, 6 என்று மூன்று அடுக்கு, மிச்சத்துக்கு அலங்காரம் இல்லாத சதுரத் தட்டுக் கேக் ஆறு ஏழு கிலோ சமையல்கட்டில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு விலை குறைவு, வெட்டவும் எளிது. உயரம் வேண்டும் என்று மாப்பிள்ளை அடம் பிடித்தால் டம்மி அடுக்கையே கேட்டு வாங்குங்கள். ஆனால் எது டம்மி, அதற்கு என்ன விலை, நிஜக் கேக் அட்டை நீங்கலாக எத்தனை கிலோ என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. எங்களுக்கு ‘ஃபிரெஷ் கிரீம்’ என்று விற்றது தாவர எண்ணெயில் அடித்த கிரீம் என்பது நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டியபோதே தெரிந்தது. அதுவே இந்த வெயிலில் சரிந்தது. நிஜ வெண்ணெய்க் கிரீமும் மே மாதப் பிற்பகலில் உருகிவிடும். சீனிப்பாகு மாவைத் தகடாகத் தேய்த்துப் போர்த்துகிற ஃபாண்டன்ட் விலையும் அதிகம், எடையும் அதிகம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து இந்த ஈரக் காற்றில் வைத்தால் வியர்த்து வடியும். குளிர்சாதனம் இல்லாத மண்டபம் என்றால் உலர்பழம் நிறைந்த பிளம் கேக்தான் தாங்கும். கிரீம்தான் வேண்டும் என்றால் வெட்டுகிற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, குளிர்வசதி உள்ள வண்டியில் வரட்டும். வண்டிக்கு 2,500 கொடுப்பது அதற்குத்தான்.

வரி விஷயம் பிறகுதான் தெரிந்தது. கேக்குக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதைவிட, பதிவு எண் இல்லாதவர் வரி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. என் துண்டுச் சீட்டில் அந்த எண்ணும் இல்லை, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இல்லை. 3,150 ரூபாய் எந்த அரசாங்கத்துக்குப் போனதோ.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மாமா தராசு எண்களோடு எடுத்த படங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் சீட்டில் ‘15 கிலோ’ என்றுதானே இருக்கிறது, அத்தனையும் கேக் என்று எங்கே இருக்கிறது என்று பேக்கரிக்காரர் வாதாடிவிடுவாரோ என்ற பயம் இருந்தது. நான் கேட்டு எழுதி வாங்காதது என் பிழைதான்.

போன வாரம் அவரே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். ஸ்டாண்டுக்குக் கொடுத்த 3,000 வேண்டுமென்றால் ‘14, 12 டம்மி இரண்டும் சேதமில்லாமல்’ திரும்பி வர வேண்டுமாம். வராவிட்டால் 1,200 பிடித்துக்கொள்வாராம். அந்தச் செய்தியை அச்செடுத்துப் புகார்க் கோப்பில் முதல் பக்கமாக வைத்தாயிற்று. வட்டுகளைத்தான் கொடுக்க முடியாது. பெரியதைத் தம்பியின் கூட்டாளி நான்காகக் கீறி வலைக்கு மிதவையாகக் கட்டிவிட்டான். சின்னதில் இன்னும் ரோஜா நிறக் கிரீம் ஒட்டியிருக்கிறது, எறும்பு கூட வரவில்லை.