பெட்ரா டூர் - வேலூர்ல புக் பண்றவங்க இத படிச்சுட்டு பண்ணுங்க

வேலூர்ல இருக்குற ஒரு டிராவல்ஸ் மூலமா ஜோர்டான் போய்ட்டு வந்தோம், நான், வீட்டுக்காரர், எங்கப்பா. ஓட்டல், வண்டி, சாப்பாடு எல்லாம் நல்லாவே இருந்துச்சு. ஆனா பெட்ராவுக்கு வெறும் நாலு மணி நேரம் குடுத்தாங்க, அதுதான் இன்னும் மனசு ஆறல.

பெட்ரா நபாட்டியர்னு சொல்ற பழைய அரபு மக்களோட தலைநகரம், சாம்பிராணி ஏத்திக்கினு போற ஒட்டக வியாபாரத்துல செழிச்ச ஊர், கி.பி. 106ல ரோமாபுரி புடிக்கிற வரைக்கும் தனி ராஜ்ஜியம். உள்ள போக சிக்னு ஒரு மலை இடுக்கு, 1.2 கிலோமீட்டர் நடக்கணும். அது முடியுற எடத்துல இருக்குற கஜ்னாங்குற பாறை முகப்ப போட்டோ எடுக்க எல்லாரும் ஓடுறாங்க, எங்க கைடு ஓட விடல, அவருக்கு அஞ்சு ஸ்டார் குடுக்கலாம். சுவத்துல பாறைய வெட்டி ஓட்டின வாய்க்கால காட்டினாரு. எங்கப்பா பொதுப்பணித்துறையில ஏரி மதகு பாத்தவரு, அந்தப் பள்ளத்துல கைய வுட்டு தடவிக்கினே வந்தாரு. எதிர்ப்பக்கம் சுட்ட மண்ணு குழாய், ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருவி மூட்டுல சாந்து பூசி வச்சிருக்கான். "வாட்டம் எப்படி புடிச்சிருக்கான் பாரும்மா"ன்னு எங்கிட்ட சொன்னாரு. மூசா ஊத்துத் தண்ணி அப்போ ஊருக்குள்ள வந்தது இதுலதான், மழைத்தண்ணிக்கு தனியா தொட்டிங்க, வெள்ளத்த திருப்ப முகப்புலயே ஒரு அணை. பாலாறு காஞ்சு கெடக்குறத தெனம் பாக்குற நமக்கு அது வயித்தெரிச்சலா இருக்கு, அவன் பாலைவனத்துல ஒரு தலைநகரத்துக்கே தண்ணி குடுத்திருக்கான்.

கஜ்னான்னா நம்ம கஜானாவேதான், சுமார் 40 மீட்டர் உயரம். கல்லு அடுக்கி கட்டல, நம்ம மகேந்திரவாடி கோயில் மாதிரி இருந்த பாறைய குடைஞ்சது, அதுவும் மேலருந்து கீழ செதுக்கிக்கினே வந்திருக்காங்க. உச்சியில இருக்குற கல் ஜாடிக்குள்ள புதையல்னு நம்பி பதூயின்காரங்க (பாலைவன நாடோடி அரபு மக்கள்) சுட்ட குண்டு தழும்பு இன்னும் தெரியுது. நெசத்துல அது கல்லறை, 2003ல அதுக்கு அடியில தோண்டினப்போ கல்லறைங்க கெடச்சுது.

அதுக்குள்ள வண்டி கெளம்புதுன்னு போன். 800 படி ஏறிப்போற டைர் மடம், ரோமானிய தூண் தெரு, ஒண்ணும் பாக்கல. இதுல கொடுமை என்னன்னா ஜோர்டான்ல ராத்திரி தங்குறவங்களுக்கு ஒரு நாள் டிக்கெட் 50 தினார், ரெண்டு நாளுக்கு 55தான், அஞ்சு தினார் சேத்து வாங்க நாங்க ரெடி, கேட்டா பேக்கேஜ்ல இல்லன்னுட்டாங்க. அதனால மூணு ஸ்டார். புக் பண்ணும்போதே பெட்ரா பக்கத்துல இருக்குற வாடி மூசா ஊர்ல ரெண்டு ராத்திரி தங்கல் உண்டான்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.